இரண்டு முடிச்சு

என் மகள் கபடி ஆடப் போட்டுக்கொள்ளும் உடையில் பிடிப்பதற்கு எதுவுமே இல்லை. முதல் தடவை அதைத் துவைத்துக் கொடியில் போட்டபோது இதைக் கவனித்தேன். சட்டை உடம்போடு ஒட்டுகிற ரகம். கையால் பற்றினால் விரலுக்குச் சிக்காமல் நழுவுகிறது. ஷார்ட்ஸின் இடுப்பில் நான்கு விரல் அகலத்துக்கு எலாஸ்டிக், அதற்கு உள்பக்கமாக ஒரு கயிறு. உள்ளே கணுக்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு லெக்கிங்ஸ். பிள்ளைகள் அதை 'ஸ்கின்' என்கிறார்கள். முழங்காலுக்கு உறை. ரப்பர் விரிப்பில் வழுக்காத ஷூ. முதுகில் அவள் பெயரும் எண்ணும், அவற்றுக்குக் கீழே ஊரில் உள்ள ஒரு ஜவுளிக்கடையின் பெயரும், எத்தனை முறை துவைத்தாலும் போகாதபடி அச்சாகியிருக்கின்றன.

கீரப்பாளையத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார் அந்த லெக்கிங்ஸைக் கொடியில் பார்த்துவிட்டார்.

"என்னாம்மா இது? வயசுப் பொண்ணு இதப் போட்டுக்கிட்டா அத்தன பேரு முன்னாடி ஆடுது?"

"ஆமாம் அண்ணி. அதுதான் அவளுக்குப் பாதுகாப்பு."

நான் நக்கல் செய்வதாக நினைத்துக்கொண்டு அன்று முழுக்க அவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். எனக்கு வாய் ஜாஸ்தி என்பது அந்தக் குடும்பத்தில் பழைய செய்தி. ஆனால் அன்றைக்கு நான் நக்கல் செய்யவில்லை. மனதில் இருப்பதை அப்படியே சொன்னேன்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. மகள் களத்தில் இறங்கும் முன் அவள் இடுப்பில் கையை விட்டு, அந்த உள்கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். "அம்மா, எல்லாரும் பாக்குறாங்க, வுடும்மா" என்று அவள் பல்லைக் கடிப்பாள். எலாஸ்டிக் இருக்கும்போது கயிறு எதற்கு என்று ஒருமுறை கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன். அவளிடம் சொல்லாத விஷயம் என்று எனக்கு இது ஒன்றுதான் இருந்தது.

நான் சிதம்பரத்தில் பிளஸ் ஒன் படித்த காலத்தில் கபடிக்கென்று தனியாக உடை கிடையாது. மதிய இடைவேளையில் தாவணியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பாவாடையை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டி ஆடுவோம். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்ததும் எங்கள் பி.டி. டீச்சர் தையல்காரரிடம் சொல்லி ஏழு பேருக்கும் கருநீலத்தில் அரைக்கால்சட்டை தைத்து வாங்கினார். அரை என்பது பேருக்குத்தான். முழங்காலைத் தாண்டி நான்கு விரல் கீழே இறங்கும். ஏன் கருநீலம் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு அது சொல்லாமலே தெரியும். மேலே பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை. முதுகு எண்ணைத் துணித்துண்டில் எழுதி நூலால் தைத்துக்கொள்வோம். ஊக்குக் குத்தினால் பிடிக்க வருபவளின் கையைக் கிழித்துவிடும்.

அந்தக் கால்சட்டையோடு பஸ் ஏற எங்களில் ஒருத்திக்கும் துணிச்சல் கிடையாது. மேலே வீட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு போவோம். களத்தின் ஓரம் வரை அப்படியே நின்று, நடுவர் விசிலை வாயில் வைக்கும்போது அவிழ்த்துப் போடுவோம். ஏழு பாவாடைகளும் ஒரே குவியலாகக் கிடக்கும். மாற்று ஆட்டக்காரிகள் அதற்குக் காவல். ஆட்டம் முடிந்ததும் எதிரணியோடு கை குலுக்குவதற்கு முன்னால் அந்தக் குவியலுக்குத்தான் ஓடுவோம். ஜெயித்த நாளிலும் அப்படித்தான்.

அப்போது பெண்கள் கபடியில் ஒரு தந்திரம் இருந்தது. 'கபடி கபடி' என்று பாடி வருபவளைக் கையிலோ காலிலோ உடம்பிலோ பிடிக்கலாம். துணியைப் பிடித்தால் அந்தப் பிடி செல்லாது. இது சட்டம். ஆனால் என்னைவிட ஒரு வகுப்பு மேலே படித்த ஒருத்தி, பயிற்சி முடிந்து தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போது, எனக்கு வேறொன்றைச் சொன்னாள்.

"கால புடிச்சா உதறிட்டுப் போயிடுவாடி. துணியப் புடிச்சிப் பாரு. கோட்ட மறந்துட்டு ரெண்டு கையாலயும் துணியப் புடிக்க வருவா. அந்த நேரத்துல நாம எல்லாரும் மேல வுழுந்துடலாம். அம்பயருக்கு என்னா தெரியும்?"

இரண்டு ஆட்டங்களில் செய்து பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே நடந்தது. துணி கொஞ்சம் விலகினாலும் கை தானாக அங்கே போக வேண்டும் என்று எங்கள் எல்லோரையும் சின்ன வயதிலிருந்தே பழக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தையே நாங்கள் ஒருத்திமேல் ஒருத்தி ஏவிக்கொண்டோம். அதில் வெட்கப்பட ஏதாவது இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அந்த வருடம் கடலூரில் மாவட்டப் போட்டி. இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக வந்தது குமராட்சிப் பக்கத்து கிராமப் பள்ளிக்கூடம் ஒன்று. அவர்களுக்கு யாரும் கால்சட்டை தைத்துக் கொடுக்கவில்லை. அவரவர் வீட்டிலிருந்து சுடிதார் பேண்ட் கொண்டுவந்து, கால் பகுதியை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். அவர்களுடைய கேப்டன் போட்டிருந்த சிவப்பு பேண்ட் அவளுக்கு இரண்டு சுற்றுப் பெரியது. இடுப்பில் கொத்தாகச் சுருக்கி நாடாவால் கட்டியிருந்தாள். ஆனால் அவள் ஆட ஆரம்பித்ததும் எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. மணலில் அவள் கால் படுவதே தெரியவில்லை. தனி ஆளாக எங்களில் பாதிப் பேரைத் தொட்டு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். அவள் பாடி வந்தாள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் நடுக்கோட்டைத் தொட்டிருந்தால் கோப்பை அவர்களுக்கு. நான் பின்னாலிருந்து பாய்ந்தேன். அவள் கால் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் காலுக்குப் போகவில்லை. இடுப்புத் துணியை நாடாவோடு சேர்த்துப் பிடித்தேன்.

முடிச்சு என் உள்ளங்கையில் பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முடிச்சுகள், கல் மாதிரி இறுகியிருந்தன. அவை அவிழவில்லை. நான் விடாமல் இழுத்தேன். நாடா வேறொரு இடத்தில் அறுந்தது, துணி கிழியும் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் இரண்டு கைகளையும் கோட்டை நோக்கி நீட்டியிருந்தாள், ஒரு முழம்தான் பாக்கி. அந்தக் கைகளைப் பின்னால் இழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பெண்கள் அவள்மேல் விழுந்தார்கள். விசில் ஊதியது. அவள் அவுட், ஆட்டமும் முடிந்தது.

தப்புப் பிடி என்று நடுவரிடம் முறையிட கேப்டனுக்கு மட்டும்தான் உரிமை. எழுந்து கையை உயர்த்தி அவரிடம் போக வேண்டும். அவள்தான் கேப்டன். அவளுடைய இரண்டு கைகளும் இடுப்பில் இருந்தன. எடுத்தால் பேண்ட் கீழே போய்விடும். சுற்றிலும் கூட்டம், அதில் பாதி ஆண்கள். அவள் மணலில் உட்கார்ந்தபடியே நடுவரைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு புள்ளி எழுதும் மேசைப் பக்கம் போனார். அவர்களுடைய டீச்சர் ஓடி வந்தார். "நாடாகூட ஒழுங்கா கட்டத் தெரியாதாடி உனக்கு? மானத்த வாங்கிட்டியே" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார்.

அவள் குனிந்தபடி எழுந்து ஓடினாள். போகிற வழியில் எங்கள் பாவாடைக் குவியலிலிருந்து கைக்கு வந்த ஒன்றை உருவி இடுப்பில் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். அது என் பாவாடை. மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்டது, அந்தத் தீபாவளிக்கு எடுத்தது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நான் துணியைப் பிடித்தது தெரிந்தவர்கள் சிலர் இருந்தார்கள், யாராவது நடுவரிடம் சொல்வார்கள் என்று பார்த்தேன். எங்கள் டீச்சர் என் முதுகில் தட்டி, "நல்ல கேட்ச்" என்றார். நான் செய்ததைப் பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் தோழி கொடுத்த துண்டை முழங்கால்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவாடை எங்கே என்று அம்மா கேட்டதற்கு, தொலைந்துவிட்டது என்றேன். அதற்காக இரண்டு அடி விழுந்தது. அந்த அடியோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட வயது அது.

அந்தக் கோப்பையோடு கொடுத்த சான்றிதழை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைத்தது. கல்லூரி அணிக்கு ஆடி வாங்கிய சான்றிதழ்கள் இப்போதுள்ள ஆபீஸ் வேலையை வாங்கித் தந்தன. நான் கல்லூரிக்குப் போனபோது டிராக் பேண்ட் வந்திருந்தது. பிறகு ஷார்ட்ஸ் வந்தது, அதற்குமேல் நீளமான டி-ஷர்ட்டை இழுத்துவிட்டு ஆடினார்கள். பிறகு டி-ஷர்ட்டை உள்ளே செருகச் சொன்னார்கள். மணல் போய் ரப்பர் விரிப்பு வந்தது. லெக்கிங்ஸ் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் மற்றவர்கள் நன்றாக இருக்கிறதா, அசிங்கமாக இருக்கிறதா என்று பேசுவார்கள். எனக்கு மட்டும் அந்தச் சிவப்பு பேண்ட் ஞாபகம் வரும். இது அன்றைக்கு அவளிடம் இருந்திருந்தால் என் கைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைப்பேன். நினைத்து, ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவேன்.

இந்த வருடம் மாவட்ட அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் கடலூரில் நடந்தது. மகளோடு புவனகிரி வழி பஸ்ஸில் காலையிலேயே போய்விட்டேன். பார்வையாளர் படிக்கட்டில் நிழல் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதுள்ள ஒரு பெண் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூல் புடவை, வெயிலில் கறுத்த கைகள்.

"உங்க பொண்ணும் ஆடுதுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. நீலச் சட்டை. உங்களுது?"

"மஞ்ச சட்டை. அதோ ஷூ கயிறு கட்டுது பாருங்க, அதான். நாங்க குமராட்சிப் பக்கம். மொத மினிபஸ்ஸப் புடிச்சி வந்தோம். நீங்க டீச்சருங்களா மேடம்?"

"இல்லைங்க, ஆபீஸ்ல வேலை. சிதம்பரம்."

குமராட்சி என்றதும் எனக்கு ஏதோ செய்தது. ஆனால் அந்தப் பக்கத்துக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான் ஆகும், அதனால் பொருட்படுத்தவில்லை. அவள் கூடையிலிருந்து புளிசாதப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். அவள் களத்தையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"என்னா மாதிரி டிரெஸ்ஸு பாத்தீங்களா? நானும் ஆடுவேன் மேடம். எங்க ஸ்கூல்ல நான்தான் கேப்டன். இதே கடலூர்லதான் கடைசியா ஆடுனது. அதோட வுட்டுட்டேன்."

"ஏன்?" என்று கேட்டேன். ஏன் என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டிருந்தது.

"எங்க அக்காவோட பேண்ட்டு. இடுப்பு பெருசு. நாடாவ சரியா கட்டாம வுட்டுட்டேன். லைனுக்கு ஒரு முழம் இருக்கு, பின்னாலேருந்து ஒருத்தி பாஞ்சா, அவுந்துக்கிச்சு. அத்தன பேருக்கு நடுவுல." சிரித்தாள். சிரித்துச் சிரித்துச் சொல்லிப் பழகிய கதை என்பது தெரிந்தது. "என் தப்புதான். பேண்ட்ட அப்பவே கழட்டி எங்கயோ எறிஞ்சிட்டேன். வூட்ல அதோட ஆட்டத்துக்கு அனுப்பல. மாசியில கல்யாணத்தப் பண்ணிட்டாங்க."

அவளே தொடர்ந்தாள்.

"ஆனா ஒண்ணு மேடம். ஓடும்போது அந்த டவுன் புள்ளைங்களோட பாவாடைங்க கெடந்துச்சு. ஒண்ண எடுத்துச் சுத்திக்கிட்டேன். மாம்பழக் கலரு, பச்சக் கரை. யாரு பெத்த புள்ளையோ, அது எப்படி வூட்டுக்குப் போச்சோ. அந்தப் புண்ணியவதியோட துணி இல்லேன்னா அன்னிக்கு நான் எங்க ஊருக்கே போயிருக்க மாட்டேன்."

"அந்தப் பாவாடை என்னுதுங்க" என்றேன்.

முழுவதையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாதி வந்ததும் நின்றுவிட்டேன். அவள் என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நீங்களா? நெசமாவா? அடி வாங்குனீங்களா வூட்ல? அய்யோ, திருப்பிக் குடுக்க அட்ரஸுகூட தெரியாதுங்க. ரொம்ப நாளு பொட்டியிலயே வெச்சிருந்தேன்." இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்த தன் மகளைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "இங்க வாடி! இவுங்கதான்டி அந்தப் பாவாடக்காரம்மா!"

அந்தப் பெண் ஓடி வந்து, வியர்வையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா உங்களப் பத்தி எத்தினி தடவ சொல்லியிருக்கு தெரியுமா ஆண்ட்டி" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பிடித்திருந்தன. நல்லவளாக இருப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அவளுடைய மகள் திரும்பிப் போகக் கிளம்பியபோது அவள் தடுத்தாள். அந்தப் பெண்ணின் ஷார்ட்ஸ் இடுப்பில் கையை விட்டு உள்கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"ரெண்டு முடிச்சு போட்டியா?"

"போட்டேம்மா. வுடும்மா, எல்லாரும் பாக்குறாங்க."

நான் செய்வதையே அவளும் செய்தாள். நான் என் தப்புக்காகச் செய்கிறேன். அவள், தான் செய்யாத தப்புக்காகச் செய்கிறாள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணுங்க" என்றேன், அந்தப் பெண் போனதும். "அன்னிக்குப் பின்னாலேருந்து புடிச்சது நான்தான். ஒடம்புல புடிக்கல. துணியத்தான் புடிச்சேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். என் கை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"நாடா அவுரல. நீங்க நல்லாத்தான் கட்டியிருந்தீங்க. நான் இழுத்ததுலதான் அறுந்துது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "தெரிஞ்சிதான் புடிச்சியா?" என்றாள்.

"தெரிஞ்சிதான்."

கீழே விசில் ஊதினார்கள். அவள் மகள் மஞ்சள் சட்டையில் நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிப் போனாள். நீலச் சட்டைகளுக்கு நடுவில் என் மகள் கையை விரித்து நின்றாள். சுற்றியிருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெயில் நகர்ந்து எங்கள் படிக்கு வந்திருந்தது. அவள் கோப்பையைப் பற்றிக் கேட்பாள், சான்றிதழைப் பற்றிக் கேட்பாள், என் வேலையைப் பற்றிக்கூடக் கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தேன்.

"எத்தினி முடிச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டு. கையில பட்டுது. கல்லு மாதிரி இருந்துச்சு."

"ரெண்டு" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். புளிசாதப் பொட்டலத்தை மடித்தாள். கூடைக்குள் வைத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு படி கீழே இறங்கியவள் நின்று திரும்பினாள். குரல் உயரவே இல்லை.

"எங்கம்மா சாவுற வரைக்கும் வூட்டுக்கு யாரு வந்தாலும் சொல்லும், இவளுக்கு ஒரு நாடா கட்டத் தெரியாதுன்னு. போன வருஷம்தான் போய்ச் சேந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து சொல்லியிருக்கக் கூடாதா நீ?"